நீ ஜெபம் பண்ணாத வருஷம்

பாசத்துக்குரிய என் மச்சான் தேவசகாயத்துக்கு,

பசியாறினாயா? நீ இருக்கிற இடத்தில் சுகம் விசாரிப்பது முறையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்க எனக்கு வராது. நான் இருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டது, ஒரு காதும் போய்விட்டது. ஞாபகம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். "அப்பா, மச்சான்னு போட வேணாம்லா, போதகர் ஐயான்னு போடுறேன். சபை மலர்ல எல்லாரும் படிப்பாங்க" என்றாள். போடி என்றேன். கோயிலுக்குள்ளே நீ எனக்கு ஐயா. வெளியே வந்து செருப்பை மாட்டினதும் என் தங்கச்சி புருஷன். இப்போது உனக்குக் கோயில் ஏது, செருப்பு ஏது? மச்சான் என்றே எழுது என்று சொல்லிவிட்டேன்.

உன் நினைவு நாளுக்குச் சபை ஒரு மலர் போடுகிறது. எல்லாரும் உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா எனக்குப் படித்துக் காட்டினாள். ஒருத்தர் விடாமல் உன்னை ஜெபவீரர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு. எதை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டாயோ, அதைத்தான் சொல்லப்போகிறேன். சபைக் கமிட்டியில் ஏற்கனவே சொல்லியும் விட்டேன். கோபப்படுவதென்றால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படு மச்சான்.

முதலில் இங்கே உள்ள சமாச்சாரம். நம் தோட்டம் இப்போது சுத்தமாக இல்லை. நீ போகும்போது கித்தா மரத்தை அழித்துச் செம்பனையாவது வைத்திருந்தார்கள். இப்போது அதுவும் போய்த் தாமான் என்று குடியிருப்பு வந்துவிட்டது. நாம் குடியிருந்த லயம் நின்ற இடத்தில் வரிசையாக மாடி வீடு, வாசலுக்கு வாசல் கார். கோயில் இருந்த மேட்டையும் வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். காம்பார் போகிற பஸ்ஸில் போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

சபை ஈப்போவில் அதே கடைவீட்டு மாடியில்தான் நடக்கிறது. நீ கடைசியாக ஏறின அதே படி. கீழே டயர் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்தாலும் வாடை மேலே வந்துவிடும். ஆயுசு முழுக்கக் கித்தாப் பால் வாடையில் கிடந்தோம், கர்த்தரைக் கும்பிடுகிற இடத்திலும் அதே ரப்பர் வாடையா என்று சில நாள் சிரிப்பு வரும். சில நாள் சிரிப்பு வராது. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் டிரம் அடிக்கிற பெரிய இங்கிலீஷ் சபைக்குப் போகிறார்கள். போகட்டும், எங்கேயாவது போகிறார்களே என்று இருக்கிறது. மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது இருக்கிற போதகர் பெயர் டேனியல். நீ பார்த்ததில்லை. தெலுக் இந்தான் பக்கத்துப் பையன், அப்பா செம்பனைக் குலை வெட்டினவர். வந்த புதிதில் அவன் ஜெபித்தால் மாடி அதிரும். ஒருநாள் டயர் கடைச் சீன முதலாளி, தவுக்கே, மேலே ஏறி வந்து, "என்னா சண்டையா? போலீசு கூப்புடவா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குச் சபையே சிரித்தது. டேனியல்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தான்.

அப்படிப்பட்டவன் வாய் அடைத்துப்போனான் மச்சான். நோய் வந்து ஊரை அடைத்த காலத்தில் எத்தனை பேரை அவன் அடக்கம் பண்ணினானோ. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு, குடும்பம் பக்கத்தில் வர முடியாமல், இவன் ஒருவனாக நின்றான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். பிறகு நம் சபையில் ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, புற்றுநோயில் விழுந்தாள். இவன் உபவாசம் இருந்தான், அழுதான், ஆராதனையில் எழுந்து நின்று, "நம்ம தங்கச்சி பிழைப்பா, ஆண்டவர் எனக்குச் சொல்லிட்டாரு" என்றான். சபை அல்லேலூயா போட்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஒன்றும் குறையவில்லை. சிறுநீரக வைத்தியத்துக்குக் கிழவர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவான், வருவான். கூட்டுவான், துடைப்பான், பிரசங்கமும் பண்ணுவான். ஜெபம் என்று வந்தால் பரமண்டல ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்லுவான். அதற்கு மேல், "கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்" என்பான். அவ்வளவுதான்.

சனங்கள் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்? கமிட்டியில் இருக்கிற ரூத்தின் புருஷன் பொன்னையா சர்க்கரையில் காலை இழந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது பேச்சு வெடித்தது. "பாஸ்டர் வந்தாரு, கட்டில்ல உக்காந்தாரு, இருக்கிற காலைப் பிடிச்சிக்கிட்டே இருந்தாரு, எந்திரிச்சிப் போயிட்டாரு. ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு நான் பிசியோ பிள்ளையைக் கூப்பிட்டுக்க மாட்டேனா?" என்று ரூத் ஊரெல்லாம் ஏசினாள்.

நான் பொன்னையாவைப் பார்க்கப் போனேன். அவன் என் காதருகே வாயைக் கொண்டுவந்து, "அண்ணே, அவகிட்ட சொல்லாதீங்க. மத்தவங்க எல்லாம் வந்து சத்தம் போட்டு ஜெபிச்சாங்க, நர்ஸ் வந்து என்னைத்தான் ஏசுனா. இந்தப் பையன் ஒருத்தன்தான் என்னையப் பார்த்து அழுதான்" என்றான்.

ஆனால் பொன்னையா கமிட்டியில் இல்லை. ரூத் இருக்கிறாள். செயலாளர் யார் தெரியுமா? உன் மகன் ஜெயராஜ்தான்.

அவனைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் மருமகன், நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. சபைக்காக அவன் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது, அவனிடம் மட்டும் இல்லை, நம் ஆட்கள் எல்லாரிடமும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லுவார்கள். கண்ணை மூடிக்கொண்டால் யாரும் பதில் பேச முடியாது பார். கமிட்டி தொடங்கும்போது ஜெயராஜ் எழுந்தான். "ஆண்டவரே, உம்முடைய மந்தையைப் பட்டினி போடுகிற மேய்ப்பர்களை நீர் காண்கிறீர்" என்றான். ரூத், "காண்கிறீர் ஆண்டவரே!" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு நடத்துகிற அம்மா, "மேய்ப்பனைக் கல்லெறிகிற ஆடுகளையும் காண்கிறீர் ஆண்டவரே!" என்றாள். கர்த்தர் பாவம், யார் பக்கம் திரும்புவார்?

முடிவு என்ன என்றால், டேனியலை அனுப்பிவிடச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதவேண்டும். அனுப்பினால் சபை கொடுத்த வீடும் போய்விடும். அவனுக்கு மனைவி இருக்கிறாள், நடை பழகுகிற பிள்ளை இருக்கிறது. அது மட்டும் இல்லை. ஜெபிக்கத் தெரியாது என்று சொல்லி அனுப்பின போதகரை வேறெந்தச் சபை எடுக்கும்? மூத்த மூப்பர் நான்தான், நான் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு முன்னே நானே போய் அவனிடம் சொல்லவும் வேண்டும் என்றார்கள். "நீங்க சொன்னா மனசு நோகாது மாமா" என்றான் ஜெயராஜ். நோகாமல் எப்படி இருக்கும்? யார் அறுத்தாலும் கத்தி கத்திதானே.

போனேன். மழை பெய்து மாடிக் கூரை ஒழுகியிருந்தது. டேனியல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, ஏன் படியேறி வந்தீங்க? போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"சும்மாதான் வந்தேன்."

"இந்த முட்டியோட சும்மா வருவீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டான். "என்னையப் போகச் சொல்ல வந்திருக்கீங்க. தெரியும் தாத்தா. சொல்லுங்க, பரவால்ல."

அவன் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தான். "அவங்க சொல்றது பொய்யில்ல. எனக்கு ஜெபம் வரல. வாயைத் திறந்தா, அந்தத் தங்கச்சி பிழைப்பான்னு நான் சொன்ன பொய்தான் முன்னால வந்து நிக்குது. திரும்பவும் பொய் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கு."

மச்சான், நான் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதே பேச்சை நான் முன்பு ஒருதடவை கேட்டிருக்கிறேன். கித்தாப் பால் ஸ்டோருக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், உன் வாயிலிருந்து.

உன் மகள் எஸ்தர் மூளைக்காய்ச்சலில் இறந்த வருஷம் அது. ஜெயராஜ் அப்போது தொட்டிலில் கிடந்தான். நீ இன்னும் போதகர் ஆகவில்லை, உபதேசியார். காலையில் என் பக்கத்து நிரையில் பால் எடுக்க மரம் வெட்டுவாய், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுப் பிரசங்கம் பண்ணுவாய். பிள்ளையை அடக்கம் பண்ணின மறு ஞாயிறு நீ கோயிலுக்கு வரமாட்டாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வந்தாய். பாட்டுப் பாடினாய், வசனம் வாசித்தாய். ஜெபம் என்று சொல்லிவிட்டு நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். என் தங்கச்சி மேரி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னைக்கு மூப்பர் ஒருத்தர் சபைக்காக ஜெபம் பண்ணுவாரு. யாக்கோபு, எழும்பு" என்றாய்.

எழும்பினேன். சபையில் நான் ஜெபித்ததே கிடையாது. வேதத் தமிழ் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது விடியக்காலைப் பெரட்டு ஒன்றுதான். கங்காணி பேர் கூப்பிட, நாம் வந்திருக்கிறோம் என்று சொல்லுவோமே, அதுதான். அதையே சொன்னேன். "ஆண்டவரே, நாங்க எல்லாம் பெரட்டுக்கு வந்திருக்கோம். எங்க எஸ்தர் மட்டும் இங்க இல்ல, உங்ககிட்ட வந்திருப்பா. சின்னப் பிள்ளை, கூப்பிட்டா சத்தமா பதில் சொல்ல மாட்டா. வரலைன்னு போட்டுறாதீங்க." பின் பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு கோயில் முழுக்க அழுதது.

அடுத்த ஞாயிறும் என்னை எழுப்பினாய். அதற்கடுத்த ஞாயிறு வேறொரு மூப்பரை. அப்புறம் பெண்களையும் கூப்பிட்டாய். சனங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் உபதேசியார் நம்மையும் ஜெபிக்க வைக்கிறார், ஆளை உருவாக்குகிறார் என்றார்கள். தலைமைப் போதகர், பெரிய ஐயா, கமுந்திங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இதுதான் நல்ல தலைமை என்று உன் முதுகைத் தட்டினார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அன்றைக்குத்தான் குழாயடியில் என்னிடம் சொன்னாய். "தலைமையும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். என்னால முடியல. வாயைத் திறந்தா பொய்தான் வரும். நல்லவர்னு சொல்லணும், எனக்கு அப்படித் தோணல. நீங்க சொல்றீங்கள்ல, அதுக்கு ஆமென் மட்டும் சொல்லிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாதே. சபை கலைஞ்சிரும்." நான் சரி என்றேன். பால் வாளியைக் கழுவாமலே போய்விட்டாய்.

ஒரு வருஷத்துக்கு மேலே போயிற்று அப்படி. பிறகு ஒரு ஞாயிறு நீ யார் பேரையும் கூப்பிடவில்லை. நீயே தொடங்கிவிட்டாய். என்ன நடந்தது மச்சான்? யார் வந்து உன் வாயைத் திறந்தது? கேட்கவேண்டும் என்று நினைத்தே இருந்தேன். நீ போதகர் ஆனாய், ஊர் ஊராகப் போனாய், கிழவன் ஆனாய், போயும் விட்டாய். கேட்கவே இல்லை. உனக்கே தெரிந்திருக்குமா?

இதுவும் எனக்குப் புரியவில்லை. எஸ்தர் எனக்கும் பிள்ளைதானே. என் தங்கச்சி பெற்றது. உனக்கு அடைத்த வாய் எனக்கு எப்படித் திறந்தது? எனக்கு விசுவாசம் அதிகமா? சத்தியமாக இல்லை. நீ கூப்பிட்டாய், எழுந்தேன். நீ நின்ற இடத்தில் யாராவது நிற்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உன் வாய் திரும்பின பிறகும் சனங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இன்றைக்கும் மூப்பர் ஜெபம்தான். போதகர் உட்கார்ந்திருப்பார், மூப்பர் ஒருவர் எழுந்து ஜெபிப்பார். மற்றச் சபைக்காரர்கள் வந்தால் இதைச் சொல்லித்தான் நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

அடுத்த கமிட்டிக்கு நான் போனேன். டேனியலிடம் சொல்லிவிட்டீர்களா என்று ரூத் கேட்டாள். இல்லை என்றேன். கடிதத்தை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ஜெயராஜ் பொறுமையாகத்தான் பேசினான். "மாமா, போதகருக்கு முதல் வேலை ஜெபம். மத்ததெல்லாம் யாரு வேணும்னாலும் செய்யலாம். எங்கப்பாவைப் பாருங்க. தங்கச்சி, இல்ல, எங்க அக்கா செத்தப்பக்கூட அவரு மறு ஞாயிறே கோயில்ல நின்னாரு. நின்னது மட்டுமா? அந்தத் துக்கத்துலயும் மூப்பர் ஜெபத்தை ஆரம்பிச்சாரு, நாலு தலைவரை உருவாக்கணும்னு. அது ஜெபவீரன். இந்த ஆளு?"

அக்காவைத் தங்கச்சி என்கிறான், பார். அவனுக்கு அவள் முகமே தெரியாது. படத்தில் இருக்கிற சின்னப் பிள்ளை.

எனக்கு அலுப்பாக வந்தது மச்சான். கோபம் இல்லை, அலுப்பு. எத்தனை நாளைக்கு உன்னைச் சுமந்துகொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பேன்? சொல்லிவிட்டேன். உன் வாய் அடைத்தது, என்னை எழுப்பினது, குழாயடியில் சொன்னது, எல்லாம். "உங்க அப்பாவையும் அப்ப அனுப்பியிருக்கணும் இல்லையா? அனுப்பியிருந்தா இந்தச் சபை ஏது?" என்றேன்.

ரூத்துதான் முதலில் பேசினாள். "வயசானா இப்படித்தான், நடந்தது நடக்காதது எல்லாம் கலந்துபோயிரும்."

"ஆமாம்லா. உன் கல்யாணத்துல சோறு பத்தாம, உங்க அப்பா எங்க லயத்து வீட்டுக்கு வந்து அரிசி வாங்கிட்டுப் போனாரு. அதுவும் கலந்துபோயிருச்சோ?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, தெரியும். வாய் முந்திக்கொண்டது.

ஜெயராஜ் எழுந்து நின்றான். முகம் வெளிறிவிட்டது. "உயிரோட இல்லாத மனுஷன் மேல சேத்தை அள்ளிப் பூசுறீங்க மாமா. அதுவும் இவனுக்காக." நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான். கடிதம் மேசையிலேயே கிடந்தது. அன்றைக்கு முடிவில் யாரும் ஜெபிக்கவில்லை. அவரவர் போய்விட்டோம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று, உன் பிள்ளையும் போனான் என்று படுத்துக்கிடந்தேன். ஜெபித்தாயா என்று கேட்பாய். ஜெபித்தேன். கல்லை உருட்டுவதுபோல் இருந்தது. டேனியலுக்காக ஒரு வாய், ஜெயராஜுக்காக ஒரு வாய், அவ்வளவுதான் முடிந்தது.

ஒரு மத்தியானம் ஜெயராஜ் வீட்டுக்கு வந்தான். ஸ்டெல்லா கோப்பி கலக்கி வைத்தாள், தொடவில்லை. வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா அன்னைக்குக் குழாயடியில அழுதாரா?"

"இல்ல."

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"பெண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா? அவளும் யார்கிட்டயும் பேசல."

"எனக்கு ஏன் சொல்லல?"

நீ ஏன் சொல்லவில்லை? அவன் அந்தக் கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "நான் சின்னப் பையன்ல இருந்து அவரு மாதிரி ஜெபிக்கப் பாக்குறேன் மாமா. அவரு ஏத்துற இடத்துல ஏத்தி, இறக்குற இடத்துல இறக்கி. சபையில எல்லாரும் அப்பாவே வந்த மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. வீட்டுல தனியா முழங்கால் போட்டா எனக்கு ஒண்ணும் வராது. எனக்குத்தான் என்னமோ குறைன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். அவருக்கும் ஒரு காலத்துல வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மச்சான், உன்னிடம் கேட்கிறேன். சொல்லியிருக்கலாம்தானே? சபை கலைந்துவிடும் என்று பயந்தாய், அதில் நியாயம் இருந்தது. சபை நிலைத்த பிறகாவது, கிழவனான பிறகாவது, உன் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? போதகர்மார்களுக்கு இது ஒரு வியாதி. வாய் நிறைய ஜெபிக்கிற நாளைக் காட்டுவீர்கள். வராத நாளை ஒளித்துவைத்துக்கொள்வீர்கள். பின்னால் வருகிறவன் தன் வறட்சியைப் பார்த்துத் தானே பயந்துபோகிறான்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான். "அப்பாவோட மலருக்கு நீங்க ஒண்ணும் குடுக்கலையே மாமா. இதைக் குடுங்க."

"எதை?"

"இதைத்தான். அவரு பேரோடயே போடுங்க. வேற எந்தப் பாஸ்டராவது படிக்கட்டும்."

அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். உன் பிள்ளை சம்மதித்துத்தான் ஊர் படிக்கிறது. அவன் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் உனக்கும் எனக்கும் நடுவிலேயே கிடந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஜெபத்துக்குப் போன வாரம் போனேன். வழக்கமாக நானும் டேனியலும் இன்னும் ஓரிரண்டு கிழவிகளும்தான். அன்றைக்கு மழை, கிழவிகள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயராஜ். அவனுக்கும் டேனியலுக்கும் கமிட்டிக்குப் பிறகு முகம் பார்த்த பேச்சு இல்லை. டேனியல் எழுந்து நின்றுவிட்டான். கடிதத்தைக் கையில் கொடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உக்காருங்க பாஸ்டர்" என்று சொல்லி ஜெயராஜ் அவன் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தான். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தான். பிறகு சொன்னான். "லெட்டர் அனுப்பல. அனுப்பப் போறதும் இல்ல. ரூத் அக்கா ஏசுவாங்க, அதை நான் பாத்துக்கிறேன்."

டேனியல் அந்தக் குடையை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"நான் உங்களுக்காக ஜெபிக்கலாமா? என்ன கேக்கணும்னு சொல்லுங்க. நானா எதையும் சேக்க மாட்டேன்."

டேனியல், "எனக்குக் கோபமா இருக்கு" என்றான்.

"எங்க மேலயா?"

"இல்ல."

அதற்கு மேல் ஜெயராஜ் கேட்கவில்லை. கண்ணை மூடினான். எப்போதும் ஜெபத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவானே, உன்னைப்போல, அதைச் செய்யவில்லை. மெல்லிய குரல். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

"ஆண்டவரே, டேனியல் உம்மேல கோபமா இருக்காரு. அதை உம்மகிட்ட சொல்லச் சொன்னாரு. ஆமென்."

டேனியல் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஜெயராஜ் அவனைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தான். நான் ஆமென் சொன்னேன் மச்சான். நெடுநாளைக்குப் பிறகு அந்த வார்த்தை எனக்குக் கனக்கவில்லை.

டேனியலுக்கு ஜெபம் எப்போது திரும்புமோ, திரும்பாமலே போகுமோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லுகிறேன். அந்தப் படியில் கால் ஏறுகிறவரைக்கும் சனிக்கிழமை தோறும் போவேன். கால் ஏறாத நாள் வந்தால் ஜெயராஜ் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். அந்தப் பையனைத் தனியாக நிற்க விடமாட்டேன். உன் பிள்ளையையும்தான்.

இப்படிக்கு,
உன் மேரியின் அண்ணன், எஸ்தருக்கும் ஜெயராஜுக்கும் தாய்மாமன்,
யாக்கோபு